வேலாங்காட்டு அணையும் மைக்செட் ஆரோனும்

வேலாங்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் ஆரோனின் மைக்செட்தான். மாரியம்மன் பண்டிகைக்கும் அவர்தான் குழாய் கட்டுவார். சவேரியார் தேருக்கும் அவர்தான். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் அவரிடமே வருவார்கள். திருச்செங்கோடு ரோட்டில் ஒற்றை ஷட்டர் கடை, பின்னால் வீடு, வாசலில் சாமான் ஏற்ற ஒரு குட்டியானை வண்டி. ஐம்பதைத் தாண்டிய ஒடிசலான மனிதர். அதிகம் பேசமாட்டார். மேடையில் எவர் எதைப் பேசினாலும் அவர் காதில் விழுவது சத்தம் மட்டும்தான் என்று மனைவி அக்சிலியா கேலி செய்வார். அது உண்மையும்கூட. குரல் கடைசி வரிசைக்குப் போகிறதா, இரைச்சல் ஏறுகிறதா என்பதில்தான் ஆரோனின் புத்தி இருக்கும். எந்தப் பக்கமும் சேராமல் இருப்பதுதான் இந்தத் தொழிலுக்கு நல்லது என்று அவர் நம்பினார். முப்பது வருஷம் அப்படியே ஓடியும் விட்டது.

அணை விவகாரம் வந்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

வேலாங்காட்டு அணை பெரிய அணை அல்ல. திருமணிமுத்தாற்றின் குறுக்கே இரண்டு ஆள் உயரத்தில் கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடுப்பு. ஒரு பஞ்ச காலத்தில் ஊரே கல் சுமந்து கட்டியது. வலது கரையில் அதிலிருந்து ஒரு வாய்க்கால் பிரிந்து கீழே உள்ள தோட்டங்களுக்குப் போகிறது. தென்னையும் மஞ்சளும் மரவள்ளியும் அந்தத் தண்ணீரில்தான். அணைக்கு மேலே இடது கரையில், தாழ்ந்த இடத்தில், சவேரியார் காலனி. தறிப்பட்டறைக்கும் தோட்டத்துக்கும் நூல் மில்லுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். மில் வலது கரையில் இருப்பதால் காலனிப் பெண்கள் அணையின் தலைமேலேயே நடந்து அக்கரை போய்விடுவார்கள். பாலத்தைச் சுற்றிப் போனால் ஷிப்டுக்கு நேரம் தவறிவிடும்.

காலப்போக்கில் அணைக்குள் வண்டல் நிறைந்துவிட்டது. மேலேயிருந்து சாக்கடையும் சாயத் தண்ணீரும் வந்து கறுப்பாகத் தேங்கி நின்றன. மழைக்காலத்தில் அணையிலிருந்து விழும் இடத்தில் நுரை பனைமர உயரத்துக்கு எழும்பிக் காற்றில் பறக்கும். ஐப்பசி பிறந்தால் ஆற்றுத் தண்ணீர் போக வழியில்லாமல் பின்வாங்கி, காலனிச் சாக்கடை வழியாகவே வீட்டுக்குள் ஏறும். அது வடிந்த பிறகு காய்ச்சல் வரும்.

ஆரோனின் அக்கா இன்னாசிமேரி அந்தக் காலனியில்தான் இருந்தார். கணவர் இறந்த பிறகு தறிப்பட்டறையில் தார்க்குச்சியில் நூல் சுற்றிப் பிழைத்தவர். மகளை நாமகிரிப்பேட்டையில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். ஒவ்வொரு மழைக்கும் அரிசி டிரம்மைக் கட்டில்மேல் ஏற்றி வைத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவார்.

அணையை வந்து பார்த்த அதிகாரிகள், கட்டு உள்ளுக்குள் இளகிவிட்டது, எடுத்துவிடுவதே நல்லது, புதிதாகக் கட்டுவது இப்போதைக்கு நடக்காது என்று அறிக்கை கொடுத்தார்கள். ஆனால் ஊரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று மேலே உத்தரவு. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு பக்கத்தாரும் தனித்தனியாகக் கூடினார்கள். இரண்டுக்கும் மைக்செட் ஆரோனுடையது.

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் தோட்டத்துக்காரர்களின் கூட்டம். வாய்க்கால் பாசனக்காரர்களுக்குத் தலைவராக இருந்த சின்னண்ணன் பேசினார். வெள்ளை வேட்டி, நிதானமான குரல். "நாறுனாலும் அது தண்ணிதானுங்க. அணை போச்சுன்னா அத்தன கெணறும் வத்திப் போகும். ஆயிரம் அடி போர் போட்டாலும் பொகதான் வரும். தண்ணியில்லாத ஊருக்கு எவன் பொண்ணு குடுப்பான்? அத யோசிச்சுப் பாருங்க." அவர் சொன்னது பொய்யில்லை என்று ஆரோனுக்கும் தெரியும். அணையில் மீன் குத்தகை எடுத்திருந்த வீரபாகு, "என்ற பொழப்பே அந்தக் குட்டையிலதானுங்க இருக்குது" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மண்டபத்தில் அத்தனை பேரும் ஒரே குரலில் பேசினார்கள். சவேரியார் கோயில் முற்றத்தில் நடந்த காலனிக் கூட்டத்தில் அந்த ஒற்றுமை இல்லை. அணை போனால் தோட்டம் காயும், தோட்டம் காய்ந்தால் நமக்கு வேலை ஏது என்றார்கள் சிலர். மில்லுக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள் பெண்கள். பாதிப் பேர் வீட்டைவிட்டு வரவேயில்லை. வந்து உட்கார்ந்தால் யாராவது பார்த்துத் தோட்டத்தில் சொல்லிவிடுவார்கள் என்று பயம்.

காலனிக் கூட்டத்துக்குக் குழாய் கட்டிய அந்த வாரத்திலேயே ஆரோனிடம் சொல்லி வைத்திருந்த இரண்டு கல்யாணங்கள் கைவிட்டுப் போயின. "பையன் ஊட்டுக்காரங்க வேற செட்டு பேசிட்டாங்களாமுங்க" என்று ஒரே மாதிரி பதில். பண்டிகைக்காகக் கட்டியிருந்த ஒயர் நான்கு இடத்தில் ஒரே அளவாக வெட்டுப்பட்டிருந்தது. செம்புக்காக வெட்டுகிற திருடன் ஒயரை எடுத்துப் போயிருப்பான். இது அங்கேயே கிடந்தது.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முந்தைய நாள் மதியம் சின்னண்ணனே கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, அக்சிலியா கொடுத்த டீயை ஆற்றிக் குடித்தார்.

"நம்ம பையன் கௌசிக்கு காதுகுத்துக்கு உங்கப்பன் ராயப்பன்தான் ரேடியா கட்டுனான். நாவகம் இருக்குதா ஆரோனு?"

"இருக்குதுங்க. நானும் கூட வந்தேனுங்க."

"நாளைக்கு உங்கக்கா பேசுதாமா?"

ஆரோன் துணியை எடுத்து ஸ்பீக்கரைத் துடைக்கத் தொடங்கினார்.

"பேசட்டும். பேச வேண்டாம்னு நான் சொல்லுல. மைக்குன்னா நடுவுல கொர்ருன்னு கத்தும், சித்த நேரம் சத்தம் கம்மியாவும். அதெல்லாம் சகஜந்தானே. யாரும் உன்னக் குத்தம் சொல்லப் போறதில்ல." டம்ளரைத் தரையில் வைக்காமல் ஆரோன் கையிலேயே கொடுத்தார். "நீயும் நானும் இந்த ஊர்லதானே சாமி இருக்கோணும்."

"ஆகட்டுங்க" என்றார் ஆரோன். அப்படித்தான் வாயில் வந்தது.

அவர் போன பிறகு அக்சிலியா உள்ளேயிருந்து வந்து, "ஏனுங்க, என்ன ஆகட்டும்?" என்று கேட்டார். ஆரோன் ஸ்பீக்கரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். அரசாங்கம் அனுப்பிய பொறியாளர் அம்மா மேடை நடுவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். இளவயது, வெளியூர்க்காரர். ஆரோன் மேடைக்கு ஓரமாக ஆம்ப்ளிபயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னண்ணனின் மகன் கௌசிக் வந்து பின்னால் நின்றான். இன்ஜினியரிங் படித்துவிட்டுத் திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி ஓட்டுகிறவன், எப்போதும் சிரித்த முகம். ஒரு கையை ஆரோன் தோள்மேல் போட்டான். பார்க்கிறவர்களுக்கு அது பிரியமாகத்தான் தெரியும்.

தோட்டத்துக்காரர்கள் ஒவ்வொருவராகப் பேசி முடித்தார்கள். காலனியிலிருந்து ஒரே ஒரு பெயரைத்தான் கூப்பிட்டார்கள். இன்னாசிமேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். வாழ்நாளில் மைக் பிடித்ததில்லை. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு முழ தூரம் விட்டு நின்று, மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்த அணைக்கு எங்கப்பனும் கல்லுச் சொமந்தாருங்க…"

கேட்கவில்லை. கௌசிக்கின் விரல்கள் தோளில் லேசாக அழுந்தின. ஆரோனின் கை திருகுக் குமிழின் மேல் இருந்தது. சொன்னபடி செய்யத்தான் அவர் இருந்தார். அப்படித்தான் பின்னால் அக்சிலியாவிடம் சொன்னார். ஆனால் தாழ்ந்த குரல் ஒன்று மைக்கில் விழுந்தால் அதைத் தூக்கிக் கொடுத்துப் பழகிய கை அது. அவர் முடிவெடுப்பதற்கு முன்னால் கை குமிழைத் திருப்பிவிட்டது. அக்காவின் குரல் மைதானத்தைத் தாண்டி ரோட்டில் போய் விழுந்தது.

"…உங்க தோட்டம் வாழோணும்னுதான் சொமந்தாங்க. நாங்க சாவோணும்னு சொமக்கலீங்க. போன மழைக்கு எங்க தெருவுல காச்சல்ல மூணு உசுரு போச்சு. அதுல ஒண்ணு பால்குடி மறக்காத கொழந்தை. அணைய ஒடைக்கோணும்னு எங்களுக்கு ஆசையில்ல. வேற வழி தெரிஞ்சா சொல்லுங்க, நாங்க கேட்டுக்கறோம்."

பொறியாளர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தோளிலிருந்த கை எடுபட்டது. ஆரோன் திரும்பிப் பார்த்தபோது கௌசிக் அதே சிரிப்போடு போய்க்கொண்டிருந்தான்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரமும் நடக்கவில்லை. காலனிப் பெண்களுக்குத் தோட்டத்தில் களை வெட்டு இல்லை என்றார்கள். வெளியூர் ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். இன்னாசிமேரி தெருக்குழாய்க்குப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். "உன்ற வாயாலதான் எங்களுக்குச் சோறு போச்சு" என்று ஒருத்தி நேரிலேயே சொன்னாள். ஆரோன் கடையில் போன் அடிப்பது நின்றது. அரசாங்கமோ, இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் முடிவைத் தள்ளி வைப்பதாகச் சொல்லிவிட்டது.

மழை அந்த வருஷம் பிந்தி வந்தது. வந்த பிறகு விடவில்லை. காலனிக்குள் முழங்கால் தண்ணீர் ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டு, அக்காவைக் கூட்டிவர ஆரோன் விடிகாலையில் அணை வழியாகப் போனார். வலது கரையில், படி இறங்கும் இடத்தில், குடையோடு சின்னண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை கீழே இருந்தது. அணையின் அடியில், கல் பாவிய இடத்துக்கு வெளியே, தரையிலிருந்து தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழி விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. செம்மண்ணாகக் கலங்கிய தண்ணீர். அதைச் சுற்றி எறும்புப் புற்று மாதிரி மணல் குவிந்திருந்தது.

வாய்க்கால் கரையில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அது தெரியும். கசிவு தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கலாக வந்தால் அடியிலிருக்கும் மண் போகிறது.

"நீயும் பாத்துட்டயா?" என்றார் சின்னண்ணன், திரும்பாமலே.

"பாத்தேனுங்க."

"யாருகிட்டயும் சொல்லாத. சொன்னா அவுங்களுக்கு அது போதும், நாளைக்கே மிஷினோட வந்து நிப்பாங்க. தை மாசம் மஞ்சள் வெட்டு முடியட்டும். நானே ஆளு வெச்சு மண்ணு மூட்ட அடுக்கிக்கறேன்." குரல் கெஞ்சுவது போலவும் இருந்தது, அதட்டுவது போலவும் இருந்தது.

"பொம்பளைங்க மேல நடக்கறாங்களேங்க."

"ஒண்ணும் ஆகாது. எத்தன மழையப் பாத்த அணை."

ஆரோன் அணைமேல் நடந்துதான் அக்கரை போனார். வழக்கமாகக் கேட்கிற இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம், தொண்டையில் சளி உருளுகிற மாதிரி, காலுக்குக் கீழே கேட்டுக்கொண்டே வந்தது. சத்தங்களோடு பழகிய அவருக்கு அது பிடிக்கவில்லை. பொறியாளர் அம்மாவுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட அவருக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். ஆனால் அக்காவிடம் மட்டும், "மில்லுக்குப் போற புள்ளைங்ககிட்டச் சொல்லிரு. நாளையிலிருந்து யாரும் அணமேல நடக்க வேண்டாம். பாலத்து வழியாப் போவட்டும். ஏன்னு கேக்காத" என்றார்.

கோபம் இருந்தாலும் ஆரோனின் பேச்சை அந்தப் பெண்கள் தட்டவில்லை. மறுநாள் ஒருத்தியும் அணையில் காலெடுத்து வைக்கவில்லை. அன்று மதியம் வலது கரையை ஒட்டி அணையின் மூன்றில் ஒரு பங்கு உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை என்றார்கள். கற்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கின, பிறகு கறுப்புத் தண்ணீர் நிமிர்ந்து எழுந்தது. சின்னண்ணனின் கீழ்த்தோட்டத்தில் மஞ்சள் முழுவதையும், தென்னையில் இரண்டு வரிசையையும், அண்டைத் தோட்டங்களின் பயிரையும், வீரபாகுவின் குடிசையையும் பரிசலையும் வாரிக்கொண்டு போயிற்று. ஓர் உயிரும் போகவில்லை. சாயங்காலத்துக்குள் காலனியில் தண்ணீர் வடிந்துவிட்டது. அப்படி வடிந்ததை அங்கே யாரும் அதுவரை பார்த்ததில்லை. சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். வீட்டைப் பார்க்கத் திரும்பி வந்திருந்த இன்னாசிமேரி ஓடிப்போய் அவர்கள் வாயைப் பொத்தினார். "கத்தாதீங்கடா, அவிங்களுக்குக் கேட்டுரும்" என்றார்.

அதற்குள் கேட்டுவிட்டிருந்தது.

முதலில் டீக்கடையில் பேச்சு கிளம்பியது. தினமும் அணைமேல் போகிற பெண்கள் அன்றைக்கு மட்டும் ஏன் போகவில்லை? அணை போகப் போகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பிறகு கடப்பாறை ஒன்று முளைத்தது. யாரோ பார்த்தார்களாம், காலனிப் பையன்கள் கடப்பாறையோடு போனார்களாம். பார்த்தது யார் என்று கேட்டால் எல்லோரும் இன்னொருவர் பெயரைச் சொன்னார்கள். போலீஸ் வந்தது. காலனியில் மூன்று பையன்களைக் கூட்டிப்போய் விசாரித்தார்கள். அனுப்பிவிட்டு, மறுநாள் திரும்ப வரச் சொன்னார்கள்.

ஆரோன் சின்னண்ணனின் வீட்டுக்குப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. சின்னண்ணன் வெளியே வந்தார். ஒரு வாரத்தில் மனிதர் இளைத்துப் போயிருந்தார். தாடி வெள்ளையாக முளைத்திருந்தது.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க. அது தானா அடியில அரிச்சுப் போனதுன்னு. நம்ம ரெண்டு பேருந்தான பாத்தோம்."

சின்னண்ணன் தாடியைத் தடவினார். "நான் என்னத்தப் பாத்தேன்? அன்னைக்கு நான் திருச்செங்கோட்டுல, பையன் ஊட்டுல இருந்தேனே சாமி" என்றார். அவர் சொன்ன விதத்தில் பகை எதுவும் இல்லை. களைப்பு மட்டுமே இருந்தது. தெரிந்தும் மறைத்தார் என்று ஆகிவிட்டால், தண்ணீருக்குப் பயிரைப் பறிகொடுத்த அண்டைத் தோட்டக்காரர்கள் எல்லோரும் நாளைக்கு அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். அது ஆரோனுக்குப் புரிந்தது. புரிந்ததால் பயம் கூடியது.

உடைந்த அணையைப் பார்க்கப் பொறியாளர் அம்மா வந்த அன்று கரை முழுவதும் கூட்டம். இரண்டு போலீஸ்காரர்களும் நின்றார்கள். "மொதல்ல இதப் பாத்தது யாரு? எனக்கு ஒரு போன் வந்துச்சே, நீங்களா?" என்று அவர் ஆரோனைக் கேட்டார்.

"நாந்தானுங்க. அணை ஒடையறதுக்கு மொத நாள் காலையில. அடியில கலங்கத் தண்ணி பொங்குச்சு." கையில் மைக் இல்லாமல் அத்தனை பேர் முன்னால் அவர் பேசியது அதுவே முதல்முறை. "நான் மட்டும் பாக்கலீங்க. சின்னண்ணன் அய்யாவும் பாத்தாரு. நாங்க ரெண்டு பேரும் இதே எடத்துலதான் நின்னோம்."

சின்னண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கௌசிக்தான் அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காரில் ஏற்றினான். கதவைச் சாத்துவதற்கு முன் ஒருமுறை ஆரோனைப் பார்த்தான். அப்போது அவன் சிரிக்கவில்லை.

பையன்களை அதன் பிறகு கூப்பிடவில்லை. ஆனால் விசாரணையை முடித்துவிட்டதாகவும் யாரும் சொல்லவில்லை. கோடையில் கிணறுகள் சின்னண்ணன் சொன்னபடியே இறங்கின. ரிக் வண்டிகள் இரவுபகலாகத் துளை போட்டன. எதைத் தொட்டாலும் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. ஒவ்வொரு துளைக்கும் காலனியைப் பார்த்து ஒரு சாபம் விழுந்தது. காலனியில் காய்ச்சல் இல்லை, வேலையும் இல்லை. மில்காரர்கள் வேன் விட மறுத்ததால் பாதிப் பெண்கள் நின்றுவிட்டார்கள். மிச்சமிருந்த அணை உடைந்த பல்லைப் போல் ஆற்றுக்குள் நின்றது. அதை எடுப்பதற்கும் கட்டுவதற்கும் உத்தரவு வரவில்லை.

இன்னாசிமேரிக்குத் தறிப்பட்டறையில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். ஒரு மதியம் வீட்டுக்குத் திரும்பியபோது கதவின் நாதாங்கி பிடுங்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரு சாமானும் போகவில்லை. படுக்கிற பாயின்மேல் மட்டும் ஆற்று மண்ணை ஒரு கூடை கொட்டியிருந்தார்கள். ஆரோன் அன்றைக்கே அக்காவை வண்டியில் ஏற்றி நாமகிரிப்பேட்டையில் மகள் வீட்டில் விட்டார். இன்னாசிமேரி அங்கே மஞ்சள் மண்டியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மண்டி வேலைக்குப் போவதையே வேலாங்காட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அக்சிலியா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆரோன் சொல்லவில்லை.

மறுபடி ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள். இந்த முறை மைக்செட் சேலத்திலிருந்து வந்தது. பேசப் போகிறவர்களில் ஆரோன் தன் பெயரைக் கொடுத்திருந்தார். "வேண்டாமுங்க, நம்ம போயிரலாம், சேலத்துல எங்காவது கடை வெச்சுக்கலாம்" என்று அக்சிலியா இரண்டு நாள் அழுதார். பிறகு அவரே சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தார்.

ஆரோன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். சுற்றியிருந்த நாற்காலிகள் காலியாகவே இருந்தன. வருகிறவர்கள் அவரைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனார்கள். கூட்டம் தொடங்கிச் சற்று நேரம் கழித்துக் கௌசிக் வந்தான். அத்தனை இடம் இருந்தும் அவருக்கு ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தான். மேடையைப் பார்த்தபடியே, வெகு மரியாதையாகக் கேட்டான்.

"அக்காவுக்கு மண்டி வேலை ஒத்துக்குச்சுங்களா? நாமகிரிப்பேட்டைல வெயில் எச்சாமே."

மேடையில் அவர் பெயரை வாசித்தார்கள். ஆரோன் எழுந்தார். கௌசிக் முழங்காலை ஒடுக்கி அவருக்கு வழிவிட்டான். ஆரோன் மைக்கை நோக்கி நடந்தார்.